அண்ணா, பின்னாடி

உக்காருங்க, உக்காருங்க. சன்னலோரம் வேணும்னா நீங்களே எடுத்துக்குங்க, எனக்குக் கடைசி வரிசையா இருந்தாப் போதும். முன்னாடி அத்தன சீட்டு காலியாக் கெடக்குது, இந்தாளு எதுக்குக் குலுங்கற எடத்துல வந்து உக்காந்திருக்கறான்னுதான நெனைக்கறீங்க? முதுகுக்குப் பின்னால ஆளிருந்தா எனக்கு ஒத்துக்காதுங்க. இப்பப் பாருங்க, பின்னால வெறும் தகரந்தான். தகரம் ஒண்ணும் பண்ணாது.

எதுவரைக்கும் போறீங்க? திண்டுக்கல்லா. ஞாயித்துக்கெழமையில திண்டுக்கல்ல என்னங்க சோலி? சொல்ல வேண்டாம்னா வேண்டாம், சும்மா கேட்டேன். நான் ஒட்டன்சத்திரம். அங்க ஒரு வாத்தியார் வீட்டுல மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க. சாப்பாட்டுக்குன்னு சொல்லித்தான் கூப்பிட்டிருக்காங்க. அதுல ஒரு விசயம் இருக்குதுங்க. முழுசாக் கேட்டுட்டு நீங்களே ஞாயம் சொல்லுங்க.

எம் பேரு நாச்சிமுத்து. பல்லடத்துப் பக்கம் ஒரு மில்லுல பஞ்சு கொள்முதல் பாக்கறேன். பஞ்சு கொள்முதல்னா லேசான வேலையின்னு நெனச்சுக்காதீங்க. எடை ஏறட்டும்னு தண்ணி தெளிச்சுக் கொண்டாருவாங்க. மேல ரெண்டு விரக்கடைக்கு மல்லிப்பூவாட்டம் பஞ்சு, உள்ள பூராவும் கழிவு. நான் யாரு சொல்றதையும் கேக்கறதில்லைங்க. பேல், அதான் பஞ்சுப் பொதி, வந்து எறங்கினா நடுவுல கீறி முழங்கை வரைக்கும் கைய உட்டுப் பார்த்துட்டுத்தான் மறுபேச்சு. இதுவரைக்கும் எங்கிட்ட ஏமாத்திட்டுப் போனவன் ஒருத்தன் கெடையாது. அதனால ஆளக் கண்டா எனக்குத் தெரியும்.

அதெல்லாம் பொழப்பு. மனசுக்குன்னு ஒண்ணு வேணுமில்லீங்களா? எனக்கு அது வரலாறு. ரெண்டாம் உலகப் போர் விமானம்னா எனக்கு உசுரு. இப்ப ஆன்லைன்ல வெளையாட்டு வந்திருக்குது பாருங்க, கம்ப்யூட்டர்ல ஒக்காந்து அந்தக் காலத்து ப்ளேனை நாமே ஓட்டலாம். எம்பது வருசத்துக்கு முந்தி நம்ம இந்தியப் பசங்க பர்மா எல்லையில ஓட்டின ஹரிக்கேன் இருக்குதுல்ல, அத நான் ஓட்டறனுங்க. சிரிக்காதீங்க. சிரிக்கலையா? சரி.

அதுல ரெண்டு சாதி ஆளுங்க இருக்காங்க. எங்களமாதிரி வரலாறு தெரிஞ்சு ஆடறவங்க ஒரு பக்கம். சும்மா பொழுது போகலைன்னு வந்து டப்பு டப்புனு சுட்டுட்டுப் போறவங்க இன்னொரு பக்கம். அவங்களுக்கு ப்ளேன் பேரே தெரியாதுங்க. "அந்தப் பச்சக் கலரு வண்டி"ம்பாங்க. எது எந்த நாட்டுது, எந்த வருசத்துது, ஒரு எழவும் தெரியாது. சுட்டுப்போட்டாலும் வராது. ஆனா நம்மளச் சுட மட்டும் நல்லாத் தெரியும்.

நான் ஒரு அணி வச்சிருந்தேன். வல்லூறு அணின்னு பேரு. அணியில சட்டம் இருக்குது. ப்ளேனுக்கு வெளிய இருந்து பார்க்கற கேமரா வைக்கக் கூடாது, பைலட்டு சீட்டுல இருந்து என்ன தெரியுமோ அதுதான் தெரியணும். இஞ்சின் சூடாகற வரைக்கும் ஓடுதளத்துல நிக்கணும். பெயிண்டு அந்தக் காலத்துப் பெயிண்டா இருக்கணும். ஏறுறதுக்கு முன்னாடி நான் அந்தப் போர்ல அன்னிக்கு நடந்த சண்டையப் பத்திப் பேசுவேன், எல்லாரும் ஹெட்போனக் காதுல மாட்டிக்கிட்டுக் கேக்கணும். ஆரம்பத்துல நெறையப் பேரு இருந்தாங்க. பாதிப் பேரு இஞ்சின் சூடாகறதுக்குள்ளயே ஓடிட்டாங்க. கடைசியில நின்னது மூணு பேருங்க. நான், கோயமுத்தூர்ல செல்போன் கடை வச்சிருக்கற ரஃபீக்கு, அப்பறம் இந்த ஜெரால்டு வாத்தியாரு. அவர் வீட்டுக்குத்தான் இப்பப் போயிட்டிருக்கறேன்.

மூணு பேரே போதுமுங்க. ஏன்னா அந்தக் காலத்து முறையே மூணு பேருதான். நான் முன்னாடி. எடப்பக்கம் கொஞ்சம் பின்னால ஒருத்தர், வலப்பக்கம் கொஞ்சம் பின்னால ஒருத்தர். கொக்குக் கூட்டம் போகுமே, அப்படி. அதுல ரொம்ப நெருக்கமாப் பறக்கணும், ரெக்க ஒரசற தூரம். பின்னால வர்ற ரெண்டு பேரும் தலைவரோட ரெக்கையத் தவிர வேற எங்கயும் பார்க்கக் கூடாது. கண்ண எடுத்தா இடிச்சுருவாங்க. நானும் அவங்கள பார்த்துக்கிட்டே வரணும், எடம் மாறறாங்களான்னு. ஒருத்தர ஒருத்தர் கண்ணுல வச்சுக்கிட்டே போறது. எவ்வளவு ஒழுங்கு பாருங்க.

ஞாயித்துக்கெழம பத்து மணியாச்சுன்னா நான் அறை தெறப்பேன். வெளையாட்டுல அறைம்பாங்க, உள்ள யாரு வேணா வரலாம், எதிர்ப்பக்கம் சேர்ந்துக்கலாம். பூட்டி வைக்கலாம், நான் பூட்டறதில்லீங்க. புதுசா வர்றவன் நாலு விசயம் தெரிஞ்சுக்கட்டுமே. அதுக்காகவே வாசல்ல பலகை மாதிரி அறைக்குப் பேரு வைப்பேன். "இம்பால், கெழக்குப் பக்கமிருந்து, பன்னெண்டாயிரம் அடி"ன்னு தெளிவா எழுதீருவேன். வரலாறு நாலு பேருக்குப் போய்ச் சேரணுமில்லீங்களா?

அப்பத்தான் இட்லிகுண்டு வந்தான்.

பேருங்க. அந்த வெளையாட்டுல அவன் வச்சுக்கிட்ட பேரு இட்லிகுண்டு. ப்ளேனுக்கு ரோஸ் கலரு பெயிண்டு, மூக்குல ஒரு இட்லிப் படம், இட்லிக்கு மேல சட்னி. நான் பார்த்ததும் கெட்ட கோவம் வந்துருச்சு. மனுசன் செத்த போருங்க அது. அதுல போயி சட்னி. சரி, ஒரு ஓரமாப் பறந்துட்டுப் போவான்னு விட்டேன். பத்து நிமிசங்கூட ஆகலை, நேரா எங்களுக்குப் பின்னால வந்து எறங்கினான். முதல்ல ரஃபீக்கு, அப்பறம் வாத்தியாரு, அப்பறம் நானு. வரிசையாச் சுட்டுட்டான்.

ஒரு வாரம்னா சரின்னு விட்டுருவனுங்க. அடுத்த ஞாயிறும் வந்தான். அதுக்கு அடுத்த ஞாயிறும் வந்தான். எப்பவும் சரியா நாங்க இருக்கற உயரத்துக்குக் கொஞ்சம் மேல, நாங்க வர்ற தெசையில, எங்களுக்கு முன்னாடியே வந்து காத்துக்கிட்டிருக்கறான். அத்தாப் பெரிய வானம்ங்க! அதுல எங்களை எப்படி அவன் கண்டுபிடிக்கறான்? நீங்களே சொல்லுங்க. வரலாறு தெரியாதவனுக்கு நாங்க எந்த உயரத்துல வருவோம்னு எப்படித் தெரியும்? உள்ளாளு சொல்லாமத் தெரியுமா?

இன்னொண்ணு கேளுங்க. சுடறதுக்கு முன்னாடி, திரையில ஒரு மூலையில எழுத்து வரும், ஆளுக்காளு அதுல பேசிக்கலாம். அதுல ஒவ்வொரு தடவையும் எழுதுவான். "அண்ணா, பின்னாடி." அவ்வளவுதான். அப்பறம் கொஞ்ச நேரம் சும்மா வருவான். அப்பறம் சுடுவான். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க. பின்னாடி பாருன்னா நான் பின்னாடி பார்க்கணுமாம். ஹரிக்கேன்ல மேல ஒரு சின்னக் கண்ணாடி இருக்குது, பார்க்கலாம். நான் பார்க்கவே இல்லீங்க. பஞ்சு ஏவாரி "இந்தப் பேலப் பாருங்க"ன்னு கை காட்டினா நான் பக்கத்துப் பேலத்தான் கீறுவேன். முப்பது வருச அனுபவம். அவன் பின்னாடின்னு சொன்னா, முன்னாடி என்னமோ வச்சிருக்கறான்னு அர்த்தம். அதனால நான் முன்னாடியே பார்த்துட்டுப் போவேன்.

ஆமாங்க, பின்னாடி இருந்துதான் சுட்டான். அது வேற விசயம்.

உள்ளாளு யாருன்னு கண்டுபிடிக்கறதுக்கு நான் ஒரு வேல செஞ்சேன். ரஃபீக்குக்குத் தனியா போன் பண்ணி, இந்த வாரம் பத்தாயிரம் அடின்னு சொன்னேன். வாத்தியாருக்குத் தனியா போன் பண்ணி, பதினாலாயிரம் அடின்னு சொன்னேன். எந்த உயரத்துக்கு இட்லிகுண்டு வர்றானோ அந்தாளு மாட்டினாரு. எப்படி? பலகையில மட்டும் எப்பவும் போல பன்னெண்டாயிரம்னே எழுதினேன், பொதுவுல பொய் எழுதக் கூடாதுங்களே.

இட்லிகுண்டு எங்க வந்தான் தெரியுமா? பன்னெண்டாயிரம். பத்தும் பதினாலும் கூட்டி ரெண்டால வகுத்துப் பாருங்க. அப்பத்தான் வெளங்குச்சு, ஒருத்தரில்ல, ரெண்டு பேருமே சேர்ந்திருக்காங்கன்னு.

அன்னிக்கு வாத்தியாரு எங்கிட்டச் சொன்னாரு, "நாச்சியண்ணா, எங்கிட்டப் பதினாலுன்னீங்க, பலகையில பன்னெண்டுன்னு போட்டிருக்கீங்களே"ன்னாரு. எவ்வளவு உன்னிப்பா நோட்டம் பார்க்கறாருன்னு பாருங்க. ஒரு சாதாரண ஆளுக்கு எதுக்குங்க அதெல்லாம்?

நீங்க என்னமோ சொல்ல வந்தீங்க. சொல்லுங்க. பலகையா? அது அறிவிப்புங்க. வரலாறு தெரியறவங்களுக்காக எழுதறது. இட்லிகுண்டு அதெல்லாம் படிக்கற ஆளு இல்லீங்க. நான் சொல்றது உளவு. அது வேற, இது வேற. முழுசாக் கேளுங்க.

குண்டடம் வந்துருச்சுங்களா? தண்ணி குடிக்கறீங்களா? எம் பாட்டிலு வேண்டாமா? நல்லது, நானும் அடுத்தவங்க பாட்டில்ல குடிக்கறதில்ல.

அந்த வாத்தியாரு இருக்காரே, ஜெரால்டு, ஒட்டன்சத்திரத்துல பள்ளிக்கூடத்துல வரலாறு எடுக்கறாரு. நல்ல மனுசன். இப்பவும் சொல்றேன், நல்ல மனுசன். ஞாயித்துக்கெழம பறந்து முடிச்சதும் மத்தியானம் வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் போன்ல பேசுவோம். இம்பால், கோகிமா, அந்த மழைக்காலம், அந்தப் பசங்களோட வயசு, என்னென்னமோ பேசுவோம். எம் பொண்டாட்டி கனகமணி சோத்தப் போட்டு மூடி வச்சுட்டு, "அந்த வாத்தியாரையே கட்டிக்கிட்டிருக்கலாமே"ன்னு போவா. எனக்கு வேற யாருங்க இருக்காங்க? மில்லுல யாரும் எங்கூட டீ குடிக்க வர மாட்டாங்க, ஏன்னு தெரியல.

அவரே ஒரு நாள் கேட்டாரு. ரொம்பப் பணிவாத்தான் கேட்டாரு. "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. இந்த மூணு பேரு முறைய அந்தப் பைலட்டுங்களே விட்டுட்டாங்கண்ணா. இம்பால் சண்டை நடந்தப்ப இது வழக்கத்துலயே இல்ல. ஒருத்தன் ரெக்கைய ஒருத்தன் பார்த்துட்டிருந்ததுல, பின்னாடி வந்தவன யாருமே பார்க்கல. செத்துச் செத்துக் கத்துக்கிட்ட பாடம்ணா அது"ன்னாரு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. எங்கிட்ட ஒரு பழைய புத்தகம் இருக்குது, அதுல படமே போட்டிருக்குது, மூணு ப்ளேனு, கொக்கு மாதிரி. வாத்தியாருகிட்டச் சொன்னேன். "அது போருக்கு முன்னாடி வந்த புத்தகம்ணா"ங்கறாரு. போருக்கு முன்னாடி வந்ததுனாலதான அது சுத்தமா இருக்குது! அதுக்கப்பறம் ஆளாளுக்கு மாத்தினது எப்படீங்க வரலாறாகும்? அப்பறம் நல்லா ரோசன பண்ணினேன். நம்மளை மாத்திப் பறக்கச் சொல்லி இவருக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க? பிரிஞ்சு பிரிஞ்சு பறந்தா ஒவ்வொருத்தராப் புடிக்கறது யாருக்கு வசதி? கணக்கு சரியா வந்துருச்சு.

அன்னிக்கே அவரை அணியிலிருந்து நீக்கிட்டேன். ஒரு பட்டன்தான், அழுத்தினாப் போதும். ரஃபீக்கு போன் பண்ணினான். "வாத்தியாரு இல்லாம நான் எதுக்குண்ணா, கடையில ஏவாரத்தையாச்சும் பார்க்கறேன்"னு அவனா விலகிட்டான். பாத்தீங்களா? ஒருத்தரத் தொட்டா இன்னொருத்தருக்கு வலிக்குது. கூட்டு இல்லைன்னா எதுக்கு வலிக்கணும்? கனகமணிகிட்டச் சொன்னேன். அவ கேட்டுட்டு, "நீங்க பறக்கற ஏரோப்ளேன் வயித்தையும் கீறிக் கைய உட்டுப் பார்த்தாத்தான் உங்களுக்குத் தூக்கம் வரும்"னா. அவளுக்கு இதெல்லாம் புரியாதுங்க.

அப்பறம் தனியாத்தான் பறந்தேன். தனியாவும் நான் தலைவரு எடத்துலதான் பறந்தேன், எடப்பக்கம் ஒரு எடம், வலப்பக்கம் ஒரு எடம் விட்டு. பேச்சும் பேசுவேன், எப்பவும் போல அன்னிக்குச் சண்டைய முழுசாச் சொல்லிட்டுத்தான் ஏறுவேன். யாரு கேக்கறாங்கன்னு கேக்கறீங்களா? அறையில எப்பவும் ஒரு ஆளு இருந்தான். அவன்தான். இட்லிகுண்டு. இஞ்சின் சூடாகற வரைக்கும் அவனும் எதிர்ப்பக்க ஓடுதளத்துல நிப்பான். முன்னெல்லாம் நிக்க மாட்டான். என் பேச்சு முடிஞ்சதும் "சரிண்ணா"ன்னு எழுதுவான். என்ன திட்டமோ.

இனித்தான் விசயமே. போன மாசம் ஒரு ஞாயிறு. மேல ஏறிட்டேன், பன்னெண்டாயிரம் அடி, கெழக்கு. "அண்ணா பின்னாடி"ன்னு எழுத்து வரும்னு காத்துக்கிட்டே போறேன், வரலை. சுடவும் இல்ல. எடப்பக்கம் என்னமோ தட்டுப்பட்டுச்சு. திரும்பிப் பார்த்தா, ஹரிக்கேனு. ரோஸ் கலரு இல்லீங்க. பச்சையும் மண்ணுக் கலரும், அச்சசல் அந்தக் காலத்துப் பெயிண்டு. மூக்குல இட்லியக் காணோம். மேல பேரு மட்டும் இட்லிகுண்டுன்னு இருக்குது. எம் பக்கத்துக்கு வந்துட்டான், எஞ்சேனையில சேர்ந்துட்டான். எடப்பக்கம், கொஞ்சம் பின்னால, ரெக்க ஒரசற தூரம். வாத்தியாரு பறக்கற எடம். ஒரு நூல் பிசகல. அப்படியே ரெக்கைய ரெண்டு தடவ ஆட்டினான், வணக்கம் சொல்றமாதிரி. திரையில எழுதினான்.

"அண்ணா, இன்னிக்கு நான் உங்க ஆளு."

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? ம்? நம்பியிருப்பீங்களா? அந்த எடத்துல அந்தத் தூரத்துல பறக்க யாரு அவனுக்குச் சொல்லிக் குடுத்தது? அத்தன வாரமும் எம் பின்னாலயே வந்தவன்தான், அதுக்காகப் பார்த்துப் பார்த்தேவா கத்துக்கிட்டான்? நான் வேகத்தக் குறைச்சேன். அவன் நேராப் போயிட்டிருந்தான், எனக்கு முன்னாடி போயிட்டான். எம் ரெக்கையத்தான் பார்க்கணும்னு சட்டம், அதனால நான் பின்னால போறதையே திரும்பித் திரும்பிப் பார்த்துட்டிருந்தானே ஒழிய, விலகல. விலகியிருக்கலாம். விலகவே இல்லீங்க.

நான் சுட்டேன்.

ஆமா, ஒரே அமுக்கு. தீப்புடிச்சுப் போயிட்டான். நம்ம பக்கத்து ஆளையே சுட்டா வெளையாட்டுல புள்ளி குறைப்பாங்க, குறைக்கட்டும். இத்தன நாளா எத்தன தடவ நம்மளச் சுட்டிருக்கான், நான் அவன ஒரு தடவகூடச் சுட்டதில்ல. இதுதான் முதல் தடவ. ஜெயிச்சாச்சு. குதிக்கணுமில்லீங்களா? குதிக்கத்தான் எந்திரிச்சேன். அன்னிக்குப் பாருங்க, மத்தியானம் சோறு எறங்கல. வெயிலு. அன்னிக்குச் சரியான வெயிலு.

அதுக்கடுத்த வாரம் பத்து மணிக்கு அறை தெறந்தேன். பலகை வச்சேன். பேசினேன். "சரிண்ணா"ன்னு எழுத்து வரல. ஏறி, பன்னெண்டாயிரம் அடியில வட்டமடிச்சுட்டே இருந்தேன். கண்ணாடியிலகூடப் பார்த்தேன், எப்பவும் பார்க்காதவன். வானந்தான் இருந்துச்சு. பெட்ரோல் தீர்ற வரைக்கும் பார்த்தேன். அடுத்த வாரமும் வரல. ஞாயித்துக்கெழமன்னாலே இப்பப் பத்து மணிக்கு முந்தியே அறையத் தெறந்து வச்சுட்டு ஒக்காந்திருக்கறனுங்க. அவன எனக்குப் புடிக்காது, ஆனா வரலைன்னா என்னமோ மாதிரி இருக்குது. அதுவும் அவன் தந்திரமாத்தான் இருக்கும்.

அப்பத்தான் வாத்தியாரு போன் பண்றாரு. நீக்கினப்பறம் பேசவே இல்ல, இப்பப் பேசறாரு. "அண்ணா, ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்க, சாப்பிடலாம். இன்னொருத்தரும் வர்றாரு, பழனியில மாவுக் கடை வச்சிருக்காரு, உங்களப் பார்க்கணும்ங்கறாரு"ன்னாரு. மாவுக் கடை. எனக்குப் பட்டுனு புரிஞ்சுருச்சு. மாவு, இட்லி. கேட்டேன், உங்களுக்கு எத்தன நாளாப் பழக்கம்னு. போன வாரந்தான் மெசேஜ் பண்ணினாராம், நாச்சியண்ணனுக்கு எம்மேல ரொம்பக் கோவமான்னு கேட்டாராம். போன வாரந்தானாம்! எனக்குக் காது குத்தறாரு.

இருந்தாலும் போறேன். ஏன் போறேன்னா, வாத்தியாருகிட்ட ஒரே ஒரு வார்த்த கேக்கணும். "நான்தான் சொன்னேன்"னு ஒத்துக்கிட்டாப் போதும். நான் மன்னிச்சுருவனுங்க. அன்னிக்கே திரும்பச் சேர்த்துக்குவேன், எடப்பக்கமே குடுக்கறேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். ஞாயித்துக்கெழம மத்தியானம் அவர்கூடப் பேசணும், அவ்வளவுதான். ஆனா ஒத்துக்கணும். ஒத்துக்கலைன்னா எப்படீங்க சேர்க்கறது? செய்யலைன்னுதான் சொல்லுவாரு. எல்லா ஏவாரியும் அதத்தான் சொல்றான்.

நீங்க போனை எடுத்து யாருக்கோ என்னமோ அடிச்சீங்களே, யாருக்கு? வீட்டுக்கா. சரி, சரி. நான் பார்க்கல.

கள்ளிமந்தயம் தாண்டிட்டமா? அப்ப இந்தா வந்துருச்சு. பஸ் ஸ்டாண்டுக்கே வந்து கூட்டிட்டுப் போறேன்னாரு வாத்தியாரு. அந்த சன்னலக் கொஞ்சம் தள்ளுங்க, பார்க்கறேன். அதாங்க, கண்ணாடி போட்டுக்கிட்டு, கோடு போட்ட சட்டை. அவருதான் ஜெரால்டு. எளைச்சுட்டாரு. பக்கத்துல, கொஞ்சம் தள்ளி, குண்டா ஒருத்தரு, கையில தூக்குப்போசி. அவன்தான். என்ன, நரைச்ச தலையா இருக்குது? நான் சின்னப் பையன்னில்ல நெனச்சேன்.

எப்படி நிக்கறாங்கன்னு பாருங்க. நல்லாப் பாருங்க. வாத்தியாரு வலப்பக்கம், அவன் எடப்பக்கம். நடுவுல ஒரு ஆளு நிக்கற எடம் விட்டு நிக்கறாங்க. பாத்தீங்களா? சும்மா நிக்கறவங்க அப்படியா நிப்பாங்க? நடுவுல எடம் எதுக்கு? யாருக்கு?

...பஸ்ஸு நின்னுருச்சு. எறங்கறேன். எறங்கித்தான் ஆகணும், கண்டக்டரு விசில் அடிக்கறான். அந்தப் பையக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. ஒண்ணுமில்ல, மைசூர்பாகு, வெறுங்கையோட போகக் கூடாதுன்னு கனகமணி குடுத்துவிட்டா.

உங்ககிட்ட ஒரு ஒத்தாசை. நான் அவங்க பக்கம் நடந்து போறப்ப, இந்த சன்னல் வழியா எம் பின்னாடி பார்த்துக்குங்க. யாராச்சும் வந்தா ஒரு சத்தம் குடுங்க. "அண்ணா, பின்னாடி"ன்னு சொன்னாப் போதும். இந்த வாட்டி திரும்பிப் பார்க்கறனுங்க.